கேமரன் மலைக்கு எந்தச் சைக்கிள்?

"ரேஸா, எண்டியூரன்ஸா?"

சைக்கிள் கடைக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். கூட வந்த நண்பன், "ரேஸ் எடுடா, அதுதான் பார்க்கக் கெத்தா இருக்கும்" என்பான். வீட்டில் சொல்லாமல் வந்தவர் விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இரண்டு மாதச் சம்பளம், சிலருக்கு அதற்கும் மேலே, அந்த ஒரு சொல்லில் முடிவாகிவிடும்.

முடிவு சரியாக அமையாதபோது என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருப்பீர்கள். முதல் மாதம் ஞாயிறுதோறும் விடியற்காலையில் வண்டி வெளியே போகும். இரண்டாவது மாதம் சுண்டுவிரல் மரத்துப்போகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது என்று பேச்சு வரும். ஆறாவது மாதம் வண்டி வரவேற்பறைச் சுவரில் சாய்ந்து நிற்கும். அதன் கைப்பிடியில் துண்டு காயும். "இதுக்குத்தான் இவ்வளவு காசா?" என்று வீட்டில் கேட்டால் பதில் இருக்காது.

ரோடு பைக் வாங்கும் நம் இளைஞர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு. என்றைக்காவது தாப்பாவில் மிதிக்கத் தொடங்கி, தானா ராத்தா போய்ச் சேர்ந்து, தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி ஒரு சூடான தே தாரிக் குடிக்க வேண்டும். அந்த ஆசையையே அளவுகோலாக வைத்து இந்த வாரம் பார்ப்போம். கேமரன் மலைக்கு ஏறி இறங்க எந்த வண்டி?

எங்கே வேறுபடுகின்றன?

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வளைந்த கைப்பிடி, மெல்லிய டயர், குறுகிய இருக்கை. வேறுபாடு ஃபிரேமின் அளவுகளில் ஒளிந்திருக்கிறது.

பந்தய வண்டியில் கைப்பிடி தாழ்வாகவும் தள்ளியும் இருக்கும். ஓட்டுபவர் இடுப்பிலிருந்து மடிந்து, முதுகைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து ஓட்ட வேண்டும். சொகுசு வண்டியில், அதாவது எண்டியூரன்ஸ் வகையில், அதே அளவு ஃபிரேமில் கைப்பிடி பொதுவாக 2 முதல் 4 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும், சற்று அருகிலும் வந்திருக்கும். கடைக்காரர்கள் இந்த உயரத்தை ஸ்டேக் என்றும், நீளத்தை ரீச் என்றும் சொல்வார்கள். எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் இந்த இரண்டு எண்களும் அதன் அளவு அட்டவணையில் இருக்கும். வண்டியின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த எண்களைப் பாருங்கள்.

மற்ற வேறுபாடுகள் மூன்று. சொகுசு வண்டியின் இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் சற்று அதிகம். அதனால் வேகத்தில் நேராக, நிதானமாக ஓடும். பந்தய வண்டி சட்டென்று திரும்பும். சொகுசு வண்டியில் 32 மில்லிமீட்டர் டயரோ அதைவிட அகலமானதோ நுழையும். பந்தய வண்டிகளில், குறிப்பாகச் சில ஆண்டுகளுக்கு முந்தியவற்றில், 25 அல்லது 28 மட்டுமே நுழையும். மூன்றாவது, கியர். அதைப் பிறகு பார்ப்போம்.

ட்ரெக் நிறுவனத்தில் எமோண்டா பந்தய வகையாக இருந்தது, டொமேன் சொகுசு வகை. ஜயண்ட் நிறுவனத்தில் டிசிஆர் ஒரு பக்கம், டிஃபை இன்னொரு பக்கம். ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தில் டார்மாக், ரூபே. பெயர்கள் மாறினாலும் பிரிவு இதுதான்.

"சொகுசு" என்றதும் வயதானவர்களுக்கான வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். இந்த வகை பிறந்ததே கடுமையான பந்தயச் சாலைகளுக்காகத்தான். பிரான்சில் நடக்கும் பாரிஸ் – ரூபே பந்தயம் 250 கிலோமீட்டருக்கு மேல் போகும். அதில் 50 கிலோமீட்டருக்கு மேல் கருங்கல் பதித்த பழைய பாதை. எலும்பைக் குலுக்கும் அந்தப் பாதைக்காக, சுவிட்சர்லாந்து வீரர் ஃபேபியன் கான்செலாராவின் பங்களிப்போடு ட்ரெக் உருவாக்கிய வண்டிதான் 2012-ல் வந்த டொமேன். 2013-ல் அவர் பாரிஸ் – ரூபேயை வென்றதும் அந்த வகை வண்டியில்தான். சாலை மோசமானால், உடம்பைக் களைப்படைய விடாத வண்டிதான் முதலில் வந்து சேரும்.

நம் சாலை எப்படிப்பட்டது?

1885-ல் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளக்க வந்தார். அவர் பெயர் நிலைத்தாலும், ஊர் உருவாக இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1920களின் பிற்பகுதியில் தாப்பாவிலிருந்து காட்டைக் குடைந்து சாலை போட்டார்கள். 1929-ல் ஜே. ஏ. ரசல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, சரிவில் கன்று நட்டு, கொழுந்து பறித்த கைகளில் நம்மவர் கைகள் நிறைய.

அந்தப் பழைய சாலைதான் இன்றைக்கும் சைக்கிள்காரர்களுக்குப் பிடித்த சாலை. தாப்பாவிலிருந்து தானா ராத்தா கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். தாப்பா கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர். ஆக மொத்தம் சுமார் 1,400 மீட்டர் ஏற்றம். இதை 60 கிலோமீட்டரில் பரப்பினால் சராசரிச் சரிவு இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. 100 மீட்டர் போனால் இரண்டரை மீட்டர் உயர்வோம், அவ்வளவுதான். லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி, வளைந்து வளைந்து, ரிங்லெட் வரை ஏறிக்கொண்டே இருக்கும் சாலை இது. செங்குத்து குறைவு, நீளம்தான் அதிகம்.

இந்த ஒரு விவரம்தான் நம் கேள்விக்குப் பாதிப் பதில். இந்த மலை உங்கள் வலிமையைச் சோதிப்பதைவிடப் பொறுமையை அதிகம் சோதிக்கும். சுமாராகப் பயிற்சி உள்ளவர் நிற்காமல் மிதித்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நின்று, தண்ணீர் குடித்து, படம் பிடித்துப் போனால் நான்கு, ஐந்து மணி நேரம். அத்தனை நேரமும் ஒரே இருக்கை, ஒரே கைப்பிடி, ஒரே முதுகு.

ஏறும்போது எடையா, காற்றா, கியரா?

பந்தய வண்டிக்குச் சொல்லப்படும் முதல் காரணம் எடை. உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐயின் விதிப்படி பந்தயத்தில் வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது. நாம் வாங்கும் விலையில் பந்தய வண்டி 8 கிலோ என்றால், சொகுசு வண்டி 9 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஒரு கிலோ.

ஓட்டுபவர் 75 கிலோ. வண்டியோடு சேர்த்து 84 கிலோ. மலை ஏறும்போது தூக்கிச் செல்வது இந்த மொத்த எடையை. அதில் ஒரு கிலோ என்பது நூற்றில் ஒரு பங்கு சொச்சம். மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் தாப்பா ஏற்றத்தில் அது மிச்சப்படுத்திக் கொடுப்பது இரண்டு நிமிடம்கூட இல்லை. தண்ணீர் நிரம்பிய ஒரு பெரிய போத்தலின் எடையும் கிட்டத்தட்ட ஒரு கிலோதான். அந்த ஒரு கிலோவைக் குறைக்க ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுப்பதா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் காற்று. தாழக் குனிந்தால் காற்று குறைவாக மோதும். இது முழு உண்மை. ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தைப் பொறுத்தது. சமதளத்தில் மணிக்கு 36 கிலோமீட்டரில் போகிறவர் காற்றை மட்டும் தள்ளவே சுமார் 210 வாட் செலவிடுகிறார். அதே ஆள் செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 12 கிலோமீட்டரில் போனால், காற்றுக்குச் செலவாவது சுமார் 8 வாட்தான். குனிந்து உட்காருவதால் பத்தில் ஒரு பங்கு மிச்சமாகும் என்றே வைத்துக்கொள்வோம். சமதளத்தில் 21 வாட் லாபம். அது பெரிய விஷயம். ஏற்றத்தில் ஒரு வாட்டுக்கும் குறைவு. புத்ராஜெயாவின் அகலச் சாலையில் பந்தய வண்டி கொடுக்கும் லாபத்தை ரிங்லெட் வளைவில் தேடினால் கிடைக்காது.

மலையில் கணக்கை உண்மையில் மாற்றுவது கியர். நம் கடைகளில் இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள்.

முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தில் 36 பல், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 28 பல் என்று ஒரு பந்தய வண்டி. முன்னால் 34, பின்னாலும் 34 என்று ஒரு சொகுசு வண்டி. 10 சதவீதச் சரிவில் இரண்டிலும் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கிறோம். பந்தய வண்டி மணிக்கு 9.7 கிலோமீட்டர் போகும். அதற்குச் சுமார் 240 வாட் வேண்டும். சொகுசு வண்டி 7.6 கிலோமீட்டர் போகும். சுமார் 185 வாட் போதும்.

வார இறுதியில் மட்டும் ஓட்டுபவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடியது பெரும்பாலும் 150 முதல் 200 வாட். அதாவது சொகுசு வண்டியில் அவர் உட்கார்ந்தே ஏறிவிடுவார். பந்தய வண்டியில் எழுந்து நின்று, முழங்காலை முறுக்கி, இரண்டு வளைவு தாண்டியதும் இறங்கித் தள்ளுவார். 240 வாட் கொடுக்க முடியாதவருக்கு அந்த வேகமான கியர் இருந்தும் பயனில்லை.

இதில் நல்ல செய்தியும் உண்டு. புதிதாக வரும் பந்தய வண்டிகள் சிலவற்றிலும் இப்போது பெரிய பின்பல்சக்கரம் போட்டே தருகிறார்கள். அதனால் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல்லை எண்ணுங்கள். முன்னால் உள்ள சிறியதும் பின்னால் உள்ள பெரியதும் சம எண்ணிக்கையில் இருந்தால், மலைக்குப் பயப்பட வேண்டாம்.

தேயிலைக்கு நடுவே போகும் பாதை

பலரும் தானா ராத்தாவோடு நிற்பதில்லை. பிரிஞ்சாங்கைத் தாண்டி, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் வரை போக ஆசைப்படுவார்கள். படங்களில் நாம் பார்க்கும் பச்சைக் கம்பளம் அங்கேதான். இன்னும் தெம்பு இருப்பவர்கள் 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் மலையுச்சிப் பக்கம் பார்ப்பார்கள்.

அந்தத் தோட்டப் பாதைகளின் குணம் வேறு. ஒரு வாகனம் வந்தால் இன்னொன்று ஒதுங்க வேண்டிய அகலம். திடீர் வளைவு, திடீர் ஏற்றம். ஓரம் உடைந்த தார். மழை பெய்த மறுநாள் மண் வழிந்து கிடக்கும் வளைவுகள். சுற்றுப்பயணிகளின் கார், தோட்டத்து லாரி, நான்கு சக்கர இயக்க வண்டிகள் எல்லாம் அதே பாதையில்.

இங்கேதான் டயர் பேசும். மெல்லிய டயரில் காற்றைக் கல்போல அடைத்தால்தான் வேகம் என்பது பழைய நம்பிக்கை. வழுவழுப்பான ஓடுதளத்தில் அது ஓரளவு சரி. கரடுமுரடான தாரில் கல்போன்ற டயர் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும். துள்ளும்போது வண்டியையும் ஆளையும் மேலே தூக்குகிறது. அந்தச் சக்தி முன்னே போகாமல் வீணாகிறது. அகலமான டயர், குறைந்த காற்றழுத்தத்தில் மேட்டை உள்வாங்கிக்கொண்டு உருண்டு போகும். 75 கிலோ எடையுள்ளவர் 25 மில்லிமீட்டர் டயரில் 85, 90 பிஎஸ்ஐ அடைக்க வேண்டியிருக்கும். 32 மில்லிமீட்டர் டயரில் 60 பிஎஸ்ஐ அளவே போதும். கை அதிராது, வளைவில் பிடிமானமும் கூடும். பந்தய வீரர்களே 23 மில்லிமீட்டரை விட்டுவிட்டு 28-க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். தேயிலை இயல்பில் செடியே அல்ல. விட்டால் மரமாக வளரும். கவாத்து செய்து, கவாத்து செய்து, அதை இடுப்பு உயரத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். காலையில் பெரட்டு முடிந்து மலைக்குப் போகிறவர் நாள் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். செடி அதைவிடத் தாழ்ந்திருந்தால் முதுகு போய்விடும்; உயர்ந்திருந்தால் கை எட்டாது. எட்டு மணி நேர வேலைக்கு எந்த உயரம் தாங்கும் என்று உடம்பை வைத்து அளந்த அளவு அது. ஐந்து மணி நேரம் சைக்கிள் மிதிக்கிறவருக்கும் அதே அளவுகோல்தான் பொருந்தும். கைப்பிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை முதுகிடம் கேட்க வேண்டும். விளம்பரப் படத்தில் வரும் வீரரிடம் அல்ல.

நம் தாத்தாக்கள் இதை அறிந்திருந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வாளிகளைக் கட்டி ஓட்டிய ராலே வண்டியில் கைப்பிடி இருக்கையைவிட உயரமாக இருந்தது. அவர்களுக்கு அது அன்றாட வேலைக்கான வண்டி. முதுகு வலித்தால் மறுநாள் கூலி போய்விடும்.

இறங்கும்போதுதான் உயிர்

மலை ஏறுவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். கவனம் தேவைப்படுவது இறங்கும்போது.

84 கிலோவை 1,400 மீட்டர் உயரத்திலிருந்து கீழே கொண்டுவருகிறோம். அந்த உயரத்தில் சேர்ந்திருக்கும் சக்தியைக் கணக்கிட்டால், சுமார் மூன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பெரிய கேத்தல் நிறையத் தேத்தண்ணீர் போடலாம். அந்தச் சூட்டில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை உங்கள் பிரேக் வாங்க வேண்டும். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்குபவருக்கு அந்த மிச்சம் இன்னும் கூடும்.

சக்கர விளிம்பைப் பிடிக்கும் பழைய வகை பிரேக், மழையில் முதல் சில சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது. கார்பன் விளிம்பாக இருந்தால் சூடு ஏறி விளிம்பே பழுதாகலாம். டிஸ்க் பிரேக் இந்த இரண்டுக்கும் பதில். கேமரன் மலையில் பிற்பகல் மழை அடிக்கடி வருவது. ஆகவே எந்த வகை வண்டியானாலும், இந்த மலையை மனத்தில் வைத்து வாங்குபவர் டிஸ்க் பிரேக் உள்ளதைப் பார்ப்பது நல்லது.

உடம்பின் நிலையும் இங்கே வேலை செய்கிறது. தாழ்ந்த கைப்பிடியில் இறங்கும்போது சாலையைப் பார்க்கக் கழுத்தை மேலே மடக்க வேண்டும். ஏறி வந்த களைப்பில் இருக்கும் கழுத்துக்கு அது பெரும்பாடு. உடம்பின் எடையும் கைகளில் இறங்கும். மணிக்கட்டில் நரம்பு அழுந்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு வருவதாக மருத்துவர்கள் நன்கு அறிந்த தொல்லை இது. சமதளத்தில் அது தொல்லை மட்டுமே. எதிரே லாரி வரும் வளைவில், பிரேக்கை அழுத்த வேண்டிய விரல்கள் மரத்துப்போயிருந்தால் அது ஆபத்து.

நீளமான சக்கர இடைவெளி, அகலமான டயர், நிமிர்ந்த பார்வை மூன்றும் சேர்ந்து இறக்கத்தில் சொகுசு வண்டிக்கு நிதானம் கொடுக்கின்றன. வண்டி நிதானமாக இருக்கும்போது மனமும் பதறாது. பதறாதவர் தேவையில்லாமல் பிரேக்கைப் பிடிப்பதில்லை. அதனால் பல சமயம் சொகுசு வண்டிக்காரரே முதலில் தாப்பா வந்து பசியாறிக்கொண்டிருப்பார்.

அப்படியானால் பந்தய வண்டி யாருக்கு?

பந்தய வண்டியைக் குறை சொல்வது நோக்கமல்ல. அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். பந்தயத்தில் கலந்துகொள்பவர், சமதளத்தில் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் குழுவில் வாரந்தோறும் போகிறவர், முதுகும் தொடையின் பின்தசையும் நன்றாக வளைபவர், மிதித்தவுடன் வண்டி பாய வேண்டும் என்று அந்தத் துடிப்பையே விரும்புபவர். இவர்களுக்குச் சொகுசு வண்டி சலிப்பூட்டும். திடீரென்று வேகம் எடுக்கும்போது அது சற்று மந்தமாகத் தெரியும். 1996-ல் தொடங்கிய லங்காவி சைக்கிள் பந்தயம் சில ஆண்டுகளில் கேமரன் மலையிலும் வந்து முடிந்திருக்கிறது. அதில் ஓடுபவர்கள் பந்தய வண்டியில்தான் ஏறுகிறார்கள். அவர்களுக்கு வினாடிகளில் வெற்றி தோல்வி. அவர்களுடைய உடம்பு தினமும் பல மணி நேரம் அந்த நிலையில் பழகியது.

அதேபோல, சொகுசு என்றால் மெத்தை என்று புரிந்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். அளவுக்கு மீறி நிமிர்ந்து உட்கார்ந்தால் முழு எடையும் இருக்கையில் விழும், இடுப்பு வலிக்கும். பஞ்சுபோன்ற இருக்கை முதல் ஒரு மணி நேரம் இதமாக இருக்கும், மூன்றாவது மணியில் புண்ணாக்கும். உட்காரும் எலும்பின் அகலத்துக்குப் பொருந்தும், ஓரளவு உறுதியான இருக்கையே நீண்ட தூரத்துக்கு ஏற்றது. பெண்களுக்குப் பொதுவாகச் சற்று அகலமான இருக்கை தேவைப்படும். அதை முதலிலேயே மாற்றித் தரும்படி கடையில் கேட்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சொகுசு வண்டியின் கைப்பிடியைப் பிறகு தாழ்த்தலாம். கைப்பிடித் தண்டில் அடுக்கியிருக்கும் வளையங்களை எடுத்தால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இறங்கும். பந்தய வண்டியின் கைப்பிடியை உயர்த்துவது அப்படி எளிதல்ல. ஓர் எல்லைக்கு மேல் முடியாது. முடிந்த அளவுக்குச் செய்தாலும் வண்டியின் சமநிலை மாறும். உடம்பு பழகி, பயிற்சி கூடி, நாளைக்கு வேகம் வேண்டும் என்று தோன்றினால், சொகுசு வண்டியில் இறங்கிப் போக வழி இருக்கிறது. தாழ்ந்த வண்டியில் தொடங்கியவருக்கு ஏறி வர வழி குறைவு. கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு வண்டிக்குத்தான் என்றால், வழி திறந்திருக்கும் பக்கமாகப் போவதே புத்திசாலித்தனம்.

கடையில் செய்ய வேண்டியவை

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை. முழங்காலை மடக்காமல் குனிந்து பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கை தரையில் படுகிறவருக்குத் தாழ்ந்த கைப்பிடி சிரமம் தராது. விரல் நுனி முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டால், பந்தய வண்டி உங்களை முதுகு வைத்தியரிடம் அனுப்பும்.

கடையில் வண்டியை இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு நிமிடத்துக்கு எல்லா வண்டியும் சுகம்தான். இருபது நிமிடமாவது ஓட்ட விடுகிற கடையைத் தேடுங்கள். முடியாவிட்டால், பயிற்சித் தாங்கியில் மாட்டச் சொல்லி மிதித்துப் பாருங்கள். கையை பிரேக் பிடிக்கு மேலே வைத்து, முழங்கையைச் சற்று மடக்கி, பக்கத்தில் நிற்பவரிடம் சாதாரணமாகப் பேசிக்கொண்டே மிதியுங்கள். தோள் காதுக்கு ஏறினாலோ, முழங்கை விறைத்து நீண்டாலோ, அந்த வண்டி உங்களுக்கு நீளம்.

"அண்ணே, தண்டை இப்ப வெட்டாதீங்க, ஒரு மாதம் ஓட்டிட்டு வர்றேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று சில கடைகளில் வாங்கிய அன்றே தண்டை வெட்டிவிடுவார்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

விலையைப் பேசும்போது ஃபிரேமுக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிடாதீர்கள். நல்ல டயர், பொருத்தமான இருக்கை, உடம்புக்கு ஏற்ப அளவெடுத்துப் பொருத்தும் கட்டணம், முன்னும் பின்னும் விளக்கு, தலைக்கவசம் ஆகியவற்றுக்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள். சுமாரான அலுமினிய ஃபிரேமில் நல்ல டயரும் சரியான பொருத்தமும் இருந்தால், பொருந்தாத கார்பன் வண்டியைவிட அது உங்களைத் தூரம் கொண்டுபோகும்.

புறப்படும் நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் கேமரன் சாலை கார்களால் நிரம்பி வழியும். அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். தாப்பாவில் விடிந்ததும் கிளம்பினால் வெயிலும் குறைவு, பிற்பகல் மழைக்கு முன் மேலே சேர்ந்துவிடலாம். மேலே குளிரும், இறங்கும்போது இன்னும் குளிரும். மெல்லிய காற்றுச்சட்டை ஒன்றை முதுகுப் பையில் மடித்து வையுங்கள். முதல் தடவை போகிறவர்கள் தனியாகப் போக வேண்டாம். குடும்பத்தார் யாராவது காரில் பின்னால் வந்தால் அவர்களுக்கும் ஒரு நாள் உல்லாசப் பயணமாகும். இறங்கத் தெம்பில்லை என்றால் வண்டியைக் காரில் ஏற்றிக்கொள்ளவும் வசதி. அப்படிச் செய்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஆக, "ரேஸா, எண்டியூரன்ஸா?" என்று கடைக்காரர் கேட்டால், பதிலுக்கு அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்டேக் எவ்வளவு? பின்னால் எத்தனை பல்? எத்தனை மில்லிமீட்டர் டயர் நுழையும்? மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் கடையில், உங்கள் முதுகுக்குப் பொருந்தும் வண்டி எதுவோ, அதை வாங்குங்கள்.

அடுத்த வாரம்: மழைச் சாலையில் பிரேக் பிடிப்பது எப்படி?